இருநூற்று ஐம்பத்தெட்டு கிராம்

வெள்ளிக்கிழமை காலையில் நர்கீஸ் அக்காவுக்கு நான் தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். வாங்கியபோது அது முப்பத்தெட்டாயிரத்து எழுநூறுதான். அக்கா ஒரு பைசா வட்டி ஏற்றவில்லை. பேகம்பூரில் இடியாப்பம் அவித்து விற்கிறவர். என் மனைவி அம்பிகாவின் ஆபரேஷனுக்குக் கொடுக்கத் தன் கையில் பணமில்லை என்று, கொலுசும் அரைஞாணுமாக இருநூற்று ஐம்பத்தெட்டு கிராம் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

"வட்டி ஹராம் தம்பி. எடையா வாங்கிக்க, எடையாவே குடு. பாஸிலா நிக்காஹுக்குள்ள வந்தாப் போதும்."

அதை விற்று ஆஸ்பத்திரியில் கட்டிய பிறகு வெள்ளி விலை ஏற ஆரம்பித்தது. மகள் பாஸிலாவின் நிக்காஹுக்கு இன்னும் பத்து நாள். என்னிடம் இருந்தது சீட்டு எடுத்த அறுபத்தேழாயிரம். அம்பிகாவின் தையல் மிஷினை ஒருவன் விலை கேட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் நகைக்கடைப் பலகையில் வெள்ளி கிராம் இருநூற்று ஐம்பது என்று எழுதியிருந்தது. முந்தின நாள் நானூறு. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். இரண்டு தரம் வாசித்துவிட்டு உள்ளே போனேன்.

"மிச்சம் நூத்தம்பது எங்கண்ணே போச்சு?" என்றேன் கடைக்கார இளஞ்செழியனிடம்.

"ஏறும்னு வாங்குனவய்ங்க அம்புட்டுப் பேரும் பயந்து ஒண்ணா வித்துட்டாய்ங்க."

"அப்ப காசு அவய்ங்ககிட்ட இருக்குமே?"

"அவய்ங்கதான் தலையில கைய வச்சு உக்காந்துருக்காய்ங்க. ஏலே, வாங்க வந்தியா, விசாரிக்க வந்தியா?"

அதே எடைக்குக் கட்டியாக வாங்கினேன். வரி போக ஐந்நூற்றுச் சொச்சம் மிஞ்சியது. வழியெல்லாம் அதே யோசனை. நான் வேலை செய்யும் தோல்ஷாப்பில் உப்புப் போட்டு அடுக்கியதில் பத்துத் தோல் குறைந்தால் யாரோ தூக்கியிருக்க வேண்டும். தூக்கியவன் தோளில் உப்பு ஒட்டியிருக்கும். இது யார் தோளில் போயிருக்கும்?

அக்கா மாவு நிறுக்கும் தராசில் கட்டியை வைத்தார். இருநூற்று ஐம்பத்தெட்டு.

"கணக்குத் தீந்துச்சு தம்பி."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நேத்துக் குடுத்திருந்தா இது லட்ச ரூவாக்கா."

அக்கா கட்டியைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"நேத்துக் குடுத்திருந்தா மட்டும் வித்திருப்பேனாக்கும்? கொலுசுதான் அடிக்கப் போறேன். காலு என்ன பேப்பரா படிக்குது?"

பாஸிலா வந்து கட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ம்மா, வெள்ளி சில்லுனுதானே இருக்கும்? இது சுடுது!"

வரும்போது என் வேட்டி மடியில் இருந்த சூடு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவள் மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.