கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு

இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.

அந்தத் தொகையைப் போனில் கேட்டபோது ரசமட்டம் ஒரு மூன்றாம் மாடிக் குளியலறையில் மண்டியிட்டிருந்தார். கையில் கரண்டி, கரண்டியில் குழைத்த சிமெண்ட். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "யாருக்குங்க? எதுக்குங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுமுனையில் ஒரு பெண்குரல் மனப்பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தது. பதிமூன்று வருடத்துக்கு முன் தவணையில் வாங்கிய டைல்ஸ் வெட்டும் இயந்திரம். பாக்கி, பாக்கிக்கு வட்டி, வட்டிக்கு வட்டி, அபராதம், அலுவலகச் செலவு.

"மூணு நாள்ல கட்டலைன்னா வீட்டுக்கு ஆள் வரும்."

போன் நின்றபோது கரண்டியில் இருந்த சிமெண்ட் இறுகிப்போயிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் அவர் கையில் கலவை காய்ந்தது அன்றைக்குத்தான்.

ரசமட்டம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே குமிழி ஓடும் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, அதன் பெயர். எங்கே போனாலும் கோணலாக எது கண்ணில் பட்டாலும் மனிதருக்குப் பொறுக்காது. டீக்கடை மேசை ஆடினால் காகிதம் மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டீயைக் குடிப்பார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்துச் சிரித்தே அந்தப் பெயரை ஒட்டவைத்துவிட்டார்கள்.

இயந்திரம் வாங்கியது உண்மை. மாதம் நானூற்று இருபது வீதம் பதினைந்து தவணை. பதிமூன்று தவணையைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்தார். அதற்கப்புறம் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கை. நொண்டிக்கொண்டே எண்ணூற்று நாற்பதை எடுத்துக்கொண்டு போனால் கடையில் பூட்டு தொங்கியது. மறுவாரமும் பூட்டு. மூன்றாவது தடவை போனபோது பெயர்ப்பலகையே இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத கடனை எத்தனை நாள் ஒருவன் நினைத்துக்கொண்டிருப்பான்? மறந்துபோனார். ரசீதுகள் இருந்த பையை எந்த வீடு மாறும்போது தொலைத்தோம் என்பதும் நினைவில்லை.

சொன்னபடி மூன்றாம் நாள் வந்தார்கள். தோல்பை வைத்திருந்த ஒருவன். அவன் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் போல ஒரு தடியன். அன்றைக்குத் தோல்பைக்காரன் வாயில் வெல்லம்.

"பயப்படாதீங்கண்ணே. நாங்க கம்பெனி ஆளுங்க. உங்க தரப்பக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம். வந்துட்டுப் போனதுக்கு ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

கையெழுத்து என்றதும் ரசமட்டத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம். நாற்பத்தைந்து வயதுவரை கட்டைவிரலை மையில் அழுத்தியவர் அவர். ஆறு வருடத்துக்கு முன்னால்தான் மனைவி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். உடைந்த டைல்ஸின் முதுகுப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி. அவள் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறவள்; எண்ணிக்கைக் கூலி. ஒரு கண் ஊசியில், ஒரு கண் இவர் எழுத்தில். "இது எழுத்தா, நண்டு நடந்த தடமா?" என்று கேட்டுக் கேட்டே நேராக்கினாள். இப்போது கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுப்பார். அளந்து இழுத்தது போல நேரான கோடு.

சாப்பாட்டு மேசைமேல் தாளை வைத்துப் போட்டார். மிச்சமான டைல்ஸை வைத்து அவரே செய்த மேசை அது. கோடு இழுக்கும்போது இரண்டு டைல்ஸுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் பேனா முனை இறங்கி, கோடு ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, கீழே தொங்கி, மறுபடி மேலே ஏறியது.

"அடச்சே, கெட்டுப்போச்சு. வேற தாள் குடுங்க தம்பி, நல்லாப் போட்டுத் தரேன்."

"இதே போதும்ணே. அச்சு மாதிரி இருக்கு." தோல்பைக்காரன் அடித்தாளைக் கிழித்துக் கொடுத்தான், கார்பன் பதிந்த மஞ்சள் தாள்.

அவர்கள் போனதும் மனைவி கேட்டாள். "என்ன எழுதியிருந்துச்சு அதுல?"

"வந்துட்டுப் போனதுக்குத்தான்."

"அது அவன் சொன்னது. நீங்க படிச்சீங்களா?"

அவர் தாளை அவளிடம் நீட்டினார். அவள் மஞ்சள் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுவந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. இடதில் வெறும் புகைதான். பொத்தான் துளை இப்போது விரல் பழக்கத்தில் தைப்பது. வலது கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்காக இரண்டு வருடம் சேர்த்த இருபத்தோராயிரம் ரூபாய் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது.

அவர்கள் விரித்த வலை கடைசியில் அந்த டப்பாவின்மேல்தான் விழப்போகிறது.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. இவர் எடுக்காவிட்டால், அக்கம்பக்கத்தில் நம்பர் விசாரித்து, இவருக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரிக்கு அடித்தார்கள். "உங்க ஆளு ஏமாத்துக்காரன். அவன வேலைக்கு வச்சா உங்க பேரும் கெடும்." மனைவிக்குத் துணி கொடுக்கிற முதலாளியம்மாவிடம், "அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, ஓடிப்போற குடும்பம்" என்றார்கள். கீழ்வீட்டுக்காரருக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, ஒரு தடவை மளிகைக்கடைக்குக்கூட. கொலைகாரனைத் தேடுகிறவனுக்குக்கூடக் கொஞ்சம் மரியாதை தெரிந்திருக்கும். எண்ணூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தித் துகிலுரிய இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார்? படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் ரசமட்டத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவரை அறுத்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் தரையை மட்டம் பார்த்தவர், தன் காலடியே சரிவதுபோல நடந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சொன்னாள். "குடுத்துத் தொலைச்சிடலாங்க."

"உன் கண்ணு?"

"இன்னொரு வருஷம் தாங்கும்."

"தாங்காதுன்னுதான டாக்டர் சொன்னாரு?"

"மானம் தாங்கலையே. அதுக்கு எந்த டாக்டர் இருக்காரு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வாரக்கூலி கொடுக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள். இந்தத் தடவை 'அண்ணே' போய்விட்டது. மேலே மூன்று, கீழே நான்கு என்று தலைகள் படிக்கட்டில் எட்டிப் பார்க்கும்படி தடியன் கதவைத் தட்டினான்.

"யோவ், உனக்காகக் கம்பெனி கருணை காட்டுது," என்றான் தோல்பைக்காரன். "இருபதாயிரம். இப்பவே எண்ணி வச்சா முடிஞ்சுது. இல்லன்னா நாளைக்கு கேஸு, மறுநாள் ஜெயிலு. நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே எங்ககிட்ட இருக்கு."

மனைவி அலமாரியைத் தடவித் தடவி டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். தோல்பைக்காரனின் கண் டப்பாவுக்குள் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அந்த ஒப்பந்தத்தக் காட்டுங்க தம்பி," என்றார் ரசமட்டம்.

"காட்டினா உனக்குப் புரியுமா?"

"காட்டித்தான் பாருங்களேன்."

பணத்தைப் பார்த்த தைரியத்தில் அவன் தாளை எடுத்து மேசைமேல் விட்டெறிந்தான். ரசமட்டம் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தார். விரல் வரி வரியாக நகர்ந்தது. தடியன் கொட்டாவி விட்டான். "பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான் தோல்பைக்காரன். விரல் நிற்கவில்லை. தேதிக்கு வந்தது. பதிமூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே கையெழுத்து. கையெழுத்தின் கீழே ஒரு கோடு.

விரல் நின்றது.

கோட்டின் நடுவில் ஒரு வெட்டு. கீழே தொங்கி, மறுபடி மேலே ஏறிய கோடு.

ரசமட்டம் எழுந்து போய் ஆணியில் குத்தி வைத்திருந்த மஞ்சள் தாளை எடுத்து வந்தார். இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, டைல்ஸோடு டைல்ஸ் சேர்ப்பது போல நகர்த்தினார். கையெழுத்தின்மேல் கையெழுத்து உட்கார்ந்தது. எழுத்தின் சுழியில் சுழி. வெட்டில் வெட்டு. ஒரு மயிரிழை விலகவில்லை.

"மேஸ்திரி, இங்க வாங்க," என்றார். குரல் உயரவே இல்லை. "ஒருத்தன் கையால ஒரு கோட்ட ரெண்டு தடவ ஒரே மாதிரி இழுக்க முடியுமா?"

மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அச்சுதாம்ப்பா அப்படி வரும்."

"இந்த வெட்டு, போன வாரம் இந்த மேசைப் பள்ளத்துல பேனா இறங்கி விழுந்தது. பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மேசையே கிடையாது." ரசமட்டம் திரும்பினார். இப்போது குரல் உயர்ந்தது. "மேச கிடக்கட்டும். அன்னைக்கு எனக்குக் கையெழுத்தே கிடையாதுய்யா! என் பேர நான் எழுதக் கத்துக்கிட்டே ஆறு வருஷந்தான் ஆகுது."

மேஸ்திரி எழுந்தார். "அந்த வருஷத்துக் கூலிப் புத்தகம் எங்கிட்ட இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் இவன் கட்டவிரல்தான். கொண்டு வரவா? எங்க கொண்டு வரணும்னு நீங்களே சொல்லுங்க. உங்க கம்பெனிக்கா, போலீசுக்கா?"

தோல்பைக்காரன் முகத்தில் இரத்தம் இல்லை. "பழைய தாள் நைஞ்சு போச்சுன்னு ஆபீஸ்ல நகல் எடுத்திருப்பாங்க... அதக் குடுங்க. நான் கேட்டுட்டு வரேன்." ஜன்னலுக்குக் கை நீட்டினான்.

கண் மங்கியவள் அவனைவிட வேகமாக இருந்தாள். இரண்டு தாளையும் கணவன் கையிலிருந்து உருவி, பணத்தின்மேலேயே போட்டு, டப்பாவை டக்கென்று மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காசு கேட்டு வந்தீங்க. இப்ப காகிதம் கேக்குறீங்க. உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?"

படிக்கட்டில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரமாக ஒதுங்கி வழிவிட்டவர்கள், இப்போது ஒதுங்காமல் நின்றார்கள். தடியன் அவர்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து இறங்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மேஸ்திரியோடு மூவரும் போலீஸில் புகார் கொடுக்கப் போனார்கள். புகாரை வாங்கிய பெண் அதிகாரி இரண்டு தாளையும் கூலிப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நாள் விசாரித்துவிட்டு, புதன்கிழமை மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மூடிய கடையின் பழைய பெயர்ப் பட்டியலை யாரோ எடைக்குப் போடுகிற விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதை வாங்கியவர்களிடம் பெயர், போன் நம்பர், பாக்கிக் கணக்கு தவிர ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத இடத்தில் மிரட்டல். மிரட்டலுக்கு மசியாத இடத்தில் கள்ளக் கையெழுத்து. பட்டியலில் இன்னும் நூற்றுக்கணக்கான பெயர்கள். அதில் எத்தனை பேர் வீட்டு டப்பா ஏற்கெனவே காலியானதோ!  எல்லாருமே தரை துடைக்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள். வசதியுள்ளவன் பெயர் ஒன்றுகூட இல்லை. அவன் காகிதம் கேட்பான் என்று இவர்களுக்குத் தெரியும்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் கிளம்பும்போது. "ரெண்டு தவணை பாக்கி இருக்கிறது நெசம். எண்ணூத்தி நாப்பது."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அதையும் எழுதிக்கிறேன். ஆனா அதைக் கேக்குற உரிமை இந்த ஆளுங்களுக்கு இல்ல."

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து வாரம் கழித்துத் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சீட்டை நீட்டினார். "இங்க கையெழுத்துப் போடுங்க."

ரசமட்டம் சீட்டை வாங்கி, விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.

"அட, தபால் வாங்கினதுக்குத்தான் சார்!"

"இருங்க. படிச்சுக்கிறேன்."

தபால்காரர் இன்னும் பதினெட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். கடைசி வரியைப் படித்து முடித்த பிறகே ரசமட்டம் கையெழுத்துப் போட்டார். கீழே கோடு இழுத்தார்.

உறையைப் பிரித்தவர் உள்ளே இருந்த கம்பெனிக் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால், நீட்டாமல் மடக்காமல், சாதாரணமாகப் பிடித்துப் படித்தாள். கணக்கு முற்றிலும் தள்ளுபடி செய்யப்பட்டது. பாக்கி: இல்லை. கீழே முத்திரை.

"வருத்தம்னு ஒரு வார்த்த இருக்கா பாரு," என்றார்.

அவள் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இல்ல."

"ஊரெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்தினானுங்க. தப்பு எங்க மேலதான்னு அதே ஆளுங்களுக்குத் திரும்பப் போன் போட்டானுங்களா? உன் கண்ணையே கேட்டானுங்களே!"

"அவங்க வெக்கப்பட மாட்டாங்க. அவங்க வேலைக்கு அது ஆகாது." அவள் கடிதத்தை மடித்து, காலியான பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தாள். "நாமதான் வெக்கப்பட்டுச் செத்தோம். கடன் வாங்கினது தப்பில்ல. வாங்கிக்க ஆள் இல்லாததால மறந்தது தப்பில்ல. எங்கடா காகிதம்னு கேக்க வெக்கப்பட்டு, படிக்காம கையெழுத்துப் போட்டு, பயந்து டப்பாவத் தொறந்தோம் பாருங்க, அதுதான் தப்பு. இனிமே எவன் வந்து எவ்வளவு சத்தம் போட்டாலும், காகிதத்தக் கையில வாங்கிக் கடைசி எழுத்து வரைக்கும் படிக்காம, நம்ம காசும் சரி, நம்ம கையெழுத்தும் சரி, இந்த வாசலத் தாண்டக் கூடாது."