மூஸ்ஹார்ன் ஓடைக்கரையில் ஒரு ஜெனரேட்டர்

ஹார்லன் ஸ்டோல்ட்ஸ் நெப்ராஸ்காவில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். காலையில் ஐம்பது பிள்ளைகள், மாலையில் அதே ஐம்பது பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் ஓயாத கூச்சல். ஓய்வு பெற்ற அன்று பேருந்தின் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் மனைவி நடீனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இனிமே என்கிட்ட யாரும் பேசக் கூடாது."

நடீன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவள் வேலை பார்த்ததோ மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறையில் இருந்த பத்திரக் காப்பகத்தில். இருபத்தாறு வருடம் காகிதக் கட்டுகளைத் தவிர அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் நாலு பேரோடு பழகலாம் என்பது அவள் ஆசை. எனவே பிக்கப் வண்டியின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு ஒன்று வாங்கலாம் என்று ஹார்லன் சொன்னபோது அவள் உடனே சம்மதித்தாள். இருவரும் ஒரே வண்டியை வாங்கினார்கள். வாங்கிய காரணம்தான் வேறு வேறு.

ஆகஸ்ட் மாதம் ஐடஹோ மலைக்காட்டுக்குள் மூஸ்ஹார்ன் ஓடைக்கரையில் வந்து நின்றார்கள். அது காட்டிலாகாவின் இடம். மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. புல்வெளியில் ஏற்கெனவே ஏழு டிரெய்லர்கள் நின்றன. ஏழின் கூரையிலும் சோலார் தகடுகள். ஹார்லனிடம் மட்டும்தான் ஜெனரேட்டர். சக்கரம் வைத்த சிவப்பு மெஷின், தூக்கினால் இடுப்பு போய்விடும். அதை டிரெய்லரிலிருந்து இருபது அடி தள்ளி, புகைக்குழாய் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி வைத்தார். மூடிய வீட்டுக்குள் அந்தப் புகை புகுந்தால் தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். எந்த வேலையிலும் ஒழுங்கான மனிதர்.

இறங்கிய அரைமணி நேரத்துக்குள் பக்கத்து டிரெய்லரிலிருந்து பெர்னி வந்துவிட்டாள். தனியாக ஊர் சுற்றுகிற அறுபது வயதுக்காரி. கையில் ஒரு தட்டு நிறைய ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் போட்ட கேக்.

"எந்த ஊரு நீங்க? நெப்ராஸ்காவா! என் அக்கா மாப்பிள்ளை அங்கதான் இருந்தான். வண்டி எத்தனை அடி? இருபத்தாறா? எங்க வாங்கினீங்க? பிள்ளைங்க இருக்காங்களா?"

ஹார்லனுக்கு வியர்த்தது. காபி போட வேண்டும் என்று முணுமுணுத்தபடி ஜெனரேட்டர் பக்கம் போனார். எண்ணெய் அளவைப் பார்த்து, பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து வெட்டி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பெர்னியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஹார்லன் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் உதடசைத்துப் பார்த்துவிட்டு, தட்டை நடீனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹார்லன் மெஷினைப் பார்த்தார். மின்சாரம் தருவது அதன் சின்ன வேலை என்பது அவருக்கு அந்தக் கணத்தில் புரிந்தது.

அதன்பிறகு புல்வெளியில் யாராவது அவர் திசையில் பத்தடி நடந்தால் போதும், கயிற்றை இழுத்துவிடுவார். ஏசி வேண்டாத காலைக் குளிரிலும் அது ஓடியது. காபி போட ஓடியது. காபி குடித்து முடித்த பிறகும் ஓடியது.

"இப்ப எதுக்கு ஓடுது அது?" என்று நடீன் அவர் காதருகே கத்தினாள்.

"பேட்டரி ஏறட்டும்!"

"அது நேத்தே ஏறிடுச்சே!"

"என்ன?" என்றார் ஹார்லன். உண்மையிலேயே கேட்காதவரைப் போல.

மூன்றாம் நாள் இன்னொரு டிரெய்லரிலிருந்து லீலண்ட் வோஸ் வந்தார். ஓய்வு பெற்ற பியானோக்காரர். வாசிப்பவரல்ல, வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். நாற்பது வருடம் காதை வைத்தே பிழைத்தவர். சத்தத்தை அளக்கும் செயலியைத் தன் போனில் திறந்து நீட்டிக்கொண்டே வந்தார்.

"மிஸ்டர் ஸ்டோல்ட்ஸ், இத நிறுத்துங்க, ஒரு வார்த்தை பேசணும்."

ஹார்லன் வேண்டாவெறுப்பாக நிறுத்தினார்.

"சத்தம் அதிகம்ங்கறது ஒரு பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். உங்க மெஷின் சுருதி விலகி ஓடுது. ஒரு ஸ்வரத்துலயும் நிக்க மாட்டேங்குது. என் மண்டைக்குள்ள யாரோ ரம்பம் போடற மாதிரி இருக்கு."

"மலை உயரம் அப்படி. காத்து கம்மி. அதுக்கு மூச்சு வாங்குது."

"அப்ப ஓய்வு குடுங்களேன் அதுக்கு!"

"வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே ஹார்லன் கயிற்றில் கை வைத்தார்.

மறுநாள் ஹார்லன் மீன் பிடிக்கப் போயிருந்த நேரம், லீலண்ட் ஒரு காகிதத்தோடு ஒவ்வொரு டிரெய்லராக ஏறி இறங்குவது ஓடையிலிருந்தே தெரிந்தது. என்ன அது என்று திரும்பி வந்ததும் நடீனிடம் கேட்டார்.

"ஏதோ பறவைக் கணக்கெடுப்பாம்" என்றாள் நடீன், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புகை வந்தது. இரண்டு மலைத்தொடருக்கு அப்பால் காடு எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு இங்கே வராது, ஆனால் புகை வந்து பள்ளத்தாக்கில் படுத்துக்கொண்டது. சூரியன் ஆரஞ்சுப் பழம் போல வெறுமனே தொங்கியது. வானம் முழுக்க அழுக்குப் பழுப்பு. முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் ஏழு கூரைகளிலும் தகடுகள் சும்மா கிடந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. ஊருக்கு இறங்கிப் போகலாமென்றால் அங்கே புகை இன்னும் மோசம் என்று வானொலி சொன்னது. ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே காற்றாடி போடத்தான் எல்லோருக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது.

அன்று காலை லீலண்ட் மறுபடியும் வந்தார். இம்முறை போன் இல்லை. தோளில் சுருட்டிய மஞ்சள் ஒயர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

ஹார்லன் பழக்கதோஷத்தில் கயிற்றைப் பிடித்தார்.

"இழுங்க, இழுங்க" என்றார் லீலண்ட் அவசரமாக. "நான் அதுக்குத்தான் வந்தேன்."

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று போகுமாம். முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கிற மூச்சுக் கருவி ஒன்று உண்டு. அதன் பேட்டரி தீர்ந்து இரண்டு இரவு ஆகிவிட்டது.

"உக்காந்துகிட்டே தூங்கினேன் ஹார்லன்" என்றார். மிஸ்டர் ஸ்டோல்ட்ஸ் காணாமல் போயிருந்தார்.

ஹார்லன் வம்பு பிடிக்காதவரே தவிர, நெஞ்சில் ஈரம் இல்லாதவரல்ல. ஒயரை வாங்கிச் செருகினார். மெஷின் ஓடியது. லீலண்ட் போவார் என்று எதிர்பார்த்தார். அவர் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம்?" என்று ஹார்லன் கேட்டார்.

"கொஞ்சம் பழகிட்டா ஒண்ணும் தெரியல. பரவாயில்ல!" என்று கத்தினார் லீலண்ட்.

மத்தியானத்துக்குள் ஏழு டிரெய்லர்களிலிருந்தும் ஒயர்கள் புல்வெளியில் ஊர்ந்து வந்து சேர்ந்தன. பெர்னி தலைமுடி உலர்த்தியைப் போட்ட அதே நேரத்தில் யாரோ மைக்ரோவேவைப் போட, மெஷின் தாங்காமல் நின்றது. உடனே லீலண்ட் ஒரு அட்டையை எடுத்து அட்டவணை போட்டார். யாருக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தக் கருவி கூடாது, எல்லாம் அழகான கையெழுத்தில். அதை ஹார்லனின் கதவிலேயே ஒட்டினார். ஹார்லன் படித்துப் பார்த்தார். அவருடைய பெயர் கடைசியில் இருந்தது, மாலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை.

அதைவிடக் கொடுமை, முறைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மெஷினை மீறிக் கத்திக் கத்திப் பேசினார்கள். யார் வந்தாலும் துரத்துவதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் இப்போது ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தது. நடீன் இரண்டு கெண்டி காபி போட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் மத்தியானம் காட்டிலாகாவின் பச்சை ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் டோலன் என்ற இளம்பெண் ஒரு காகிதத்தோடு இறங்கினாள். மெஷினையும், அதைச் சுற்றி இருந்த கூட்டத்தையும் பார்த்தாள்.

"ஒரு ஜெனரேட்டர் பத்தி எங்க ஆபீசுக்குத் தபால்ல புகார் வந்திருக்கு" என்றாள். "ராப்பகலா நிம்மதி இல்ல, பறவை எல்லாம் ஓடிப் போச்சு, உடனே அப்புறப்படுத்தணும்னு எழுதியிருக்கு. இதுதானா அது?"

லீலண்ட் தன் செருப்பைப் பார்த்தார். பெர்னிக்குத் திடீரென்று கேக் தட்டைத் துடைக்கவேண்டியிருந்தது.

"யார் எழுதினது?" என்றார் ஹார்லன், தெரியாதவர் போல. அவருக்கு அந்த நிமிஷம் இனித்தது.

"பதினோரு கையெழுத்து இருக்கு. லீலண்ட் வோஸ். பெர்னடெட் ஹால்வர்சன்..." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தலை குனிந்தது. ஹார்லன் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். "...கடைசியா, நடீன் ஸ்டோல்ட்ஸ்."

கட்டிய கை அவிழ்ந்தது.

"அது பறவைக் கணக்குன்னு சொன்னியே?"

"பறவையும் அதுல வருதே" என்றாள் நடீன். பிறகு காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள். "இருபத்தாறு வருஷம் நிலவறையில உக்காந்திருந்தேன் ஹார்லன். மனுஷங்களைப் பாக்கத்தான் வெளிய வந்தேன். நீ என்னைச் சுத்தி இன்னொரு நிலவறை கட்டினே, சத்தத்தால. நான் வேற என்ன பண்ணுவேன்?"

ஹார்லனின் முகத்தைப் பார்க்காமல் லீலண்ட் தொண்டையைச் செருமினார்.

"ரேஞ்சரம்மா, அந்தப் புகாரை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம். சூழ்நிலை மாறிடுச்சு. மெஷின் இங்கயே இருக்கட்டும்னு எல்லாரும் கேட்டுக்கறோம்."

"ஆமா, மெஷின் இருக்கட்டும்" என்றார்கள் எல்லோரும்.

"நான் வந்ததே வேற இடம் காட்டத்தான்" என்றாள் டோலன். "கீழ ரெண்டு மைல்ல ஒரு இடம் காலியா இருக்கு. சுத்துவட்டாரத்துல ஈ காக்கா இல்ல."

போன வாரமாக இருந்தால் ஹார்லன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார். இப்போது கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மெஷின் இருக்கட்டும் என்று சொன்ன பதினோரு பேரில் ஒருவரும் நீங்களும் இருங்கள் என்று சொல்லவில்லை.

"நான் போறேன்" என்றார்.

"மெஷினு?" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"அது இங்கயே கிடக்கட்டும். இந்த ஆளு மூச்சு விடணுமில்ல."

டோலனுக்குத் தலை சுற்றியது. "புகார் மெஷின் மேல. போறது நீங்களா?"

"நீ வர்றியா?" என்று ஹார்லன் நடீனைக் கேட்டார்.

"பெர்னிகிட்ட ஒரு கட்டில் காலியா இருக்கு" என்றாள் அவள். "மெஷினுக்கு எண்ணெய் பாக்க ஆள் வேணுமில்ல."

கீழே உண்மையிலேயே ஈ காக்கா இல்லை. ஹார்லன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஓடைச் சத்தம், மரம் அசைகிற சத்தம். ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது. பிறகு பாதையில் தூண்டிலோடு போன ஒருவர் நின்றார்.

"இவ்வளவு அமைதியா இருக்கே, ஆள் தனியா இருக்காரேன்னு பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். தன் இரண்டு முழங்கால் அறுவை சிகிச்சைகளையும் வலது, இடது என்று தனித்தனியாக விவரித்தார். இழுக்கக் கயிறு இல்லாமல் ஹார்லனின் கை தவித்தது.

மறுநாள் காலை எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் மேலே நடந்தார். எண்ணெய் மாற்ற இன்னும் முப்பது மணி நேர ஓட்டம் பாக்கி இருந்தது. அது அவருக்கும் தெரியும், நடீனுக்கும் தெரியும். நடீன் முழங்கை வரை கரியோடு மெஷின் முன்னால் நின்று, ஒரே இழுப்பில் அதைக் கிளப்பினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாதியிலேயே சோக்கை உள்ள தள்ளிடறேன்" என்று அவர் காதருகே கத்தினாள். "நீ ரொம்ப நேரம் விட்டுடறே!"

"என்ன?"

இம்முறை உண்மையிலேயே கேட்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அவர் தலையாட்டினார். லீலண்ட் தன் நாற்காலியை விட்டு எழுந்து, இன்னொன்றை விரித்து வைத்தார். இரண்டு இரவு தூங்கியிருந்ததால் அவர் முகம் தெளிந்திருந்தது.

"உக்காருங்க ஹார்லன். வண்டியையும் மேலயே கொண்டு வந்துடுங்க. கீழ எதுக்குத் தனியா?"

ஹார்லன் அன்று மாலையே கொண்டுவந்தார்.

சனிக்கிழமை காற்று திசை மாறியது. மத்தியானம் நீல வானம் தெரிந்தது, கூரைகளில் தகடுகள் பளபளத்தன. ஒயர்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு அவரவர் வீட்டுக்குப் போயின. மெஷினை நிறுத்திய பிறகும் நாலைந்து பேர் ஹார்லனின் வாசலிலேயே பீன்ஸும் தொத்திறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு எப்படியோ பேருந்துப் பக்கம் திரும்பியது. ஒரு சின்னப் பெண் பன்றிக்குட்டியைப் புத்தகப் பைக்குள் ஒளித்து ஏற்றிவிட்ட கதையை ஹார்லன் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அடுத்ததைச் சொன்னார். பிறகு அதற்கடுத்ததை. முப்பத்தோரு வருடக் கதைகள், ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. தட்டுகள் ஆறிப்போயின.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பூனைக்குச் சோறு வைக்கவேண்டும் என்று பெர்னி முதலில் எழுந்தாள். அவளிடம் பூனை கிடையாது. அவள் பின்னாலேயே மற்றவர்களும் நழுவினார்கள்.

நடீன் மட்டும் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதைகளில் ஒன்றைக்கூட அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

"அப்புறம்?" என்றாள்.