தோற்றவர்கள் பட்டியல்

ஈலை டாங்ஸ் அந்தக் கல்லைப் பார்க்க வந்தது அந்த வாரத்தில் ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும் மனைவி ஹெப்சியிடம் புகையிலை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் இப்போது ஒரு படைப்பிரிவுக்குப் போதுமான புகையிலை இருந்தது.

குத்துச்சண்டை வீரன் ஜெத்ரோ பிளாண்டுக்கு ஊரே சேர்ந்து தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் எழுப்பிய நினைவுத்தூண் அது. விக்டோரியா ராணிக்கே கிரிம்ஸ்லி ஊரில் இத்தனை உயரத்தில் ஒன்று இல்லை. உச்சியில் கல்நாய் ஒன்று படுத்திருந்தது. ஜெத்ரோ உயிரோடிருந்தபோது நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவன். நாய்க்குக் கீழே, அவன் வெறுங்கையால் வீழ்த்தியவர்களின் பெயர்கள். ஏழாவது பெயர் கேலப் ஃபெல்லோஸ், ஆறு சுற்று. மொத்தம் பதினோரு நிமிடம். ஒரு பன்றியைப் பிடித்துக் கட்டவே அதைவிட நேரமாகும்.

ஜெத்ரோவுக்கு எதிரே ஈலை நின்றது எழுபத்து நான்கு சுற்று. அந்தக் காலத்தில் ஒருவன் விழுந்தால் ஒரு சுற்று முடியும். முப்பது எண்ணுவதற்குள் எழுந்து நடுக்கோட்டுக்கு வராதவன் தோற்றவன். ஈலை நாற்பது தடவை விழுந்து நாற்பது தடவையும் கோட்டுக்கு வந்தான். கொட்டும் மழையில் சண்டையைத் தடுக்கப் போலீஸ் வந்து களத்தின் கயிற்றை அறுத்தபோது, அவனும் ஜெத்ரோவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்கும் வெற்றியில்லை என்று தீர்ப்பானது. இருபத்தாறு வருடமாக, ஆணிப்பட்டறையில் சம்மட்டி அடிக்கும்போதுகூட, அந்தத் தீர்ப்பை ஈலை பதக்கம் மாதிரி நெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தான். இப்போது அதுவே வினையாகிவிட்டது. கல்லில் தோற்றவர்களுக்குத்தான் இடம்.

கேலபோ ஞாயிறுதோறும் தூணருகே வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி நின்றான். மதுக்கடையில் அவனுக்கு ஜன்னலோர நாற்காலி கிடைத்தது. முப்பது வருடமாகச் சண்டையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த பாதிரியார், எல்லோர் முன்னிலையிலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிரவு ஈலை பட்டாணியையும் பன்றியிறைச்சியையும் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

மறுநாளே, நினைவுத்தூண் கமிட்டிக்குத் தலைவரான மதுக்கடைக்காரர் ஹாபிஸிடம் போனான்.

“என் பேரையும் போடுங்க.”

“நீங்கதான் தோக்கலையே, டாங்ஸ்.”

“தோத்துட்டேன்னு வச்சுக்குங்க.”

“வச்சுக்கிட்டெல்லாம் கல்லுல வெட்ட முடியாதுங்க. அன்னிக்குக் கூட இருந்தவங்க யாராவது வந்து சாட்சி சொல்லட்டும். அடியில ஒரு வரி காலியாத்தான் இருக்கு. புதன்கிழமையோட கல்தச்சர் கிளம்பிடுவாரு.”

அன்று ஈலையின் பக்கம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். தண்ணீர்ப் புட்டியோடு நின்ற இன்னொருவன், கேலப்.

இன்று புதன்கிழமை. தூணடியில் கல்தச்சர் ராபக் வெங்காயமும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். மதியம் கேலப் வழக்கம்போலத் தன் பெயரைப் பார்வையிட வந்தான்.

“கேலப், ஒரு உதவி செய்டா. அன்னிக்கு நான் தோத்தேன்னு இவர்கிட்ட சொல்லு.”

“நீ தோக்கலையேடா.”

“சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது?”

“குறையும்.” கேலப் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தான். “அன்னிக்கு உன்னைத் தூக்கித் தூக்கி விட்டவன் நான். கடவுளே, இவன் எந்திரிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்ச. எனக்கு வயிறு எரிஞ்சுது. இன்னிக்கும் எரியுது. உனக்கு நின்ன கதை இருக்கு. எனக்கு இருக்கிறது விழுந்த ஒரு வரி. அதுலயும் பங்குக்கு வர்றியே.”

தன்னைப் பார்த்தும் ஒருவன் வயிறெரிந்திருக்கிறான் என்பது ஈலைக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கல்லில் வெட்ட முடியாது.

“ஒரே ஒரு பொய்டா,” என்றான்.

“பொய் எதுக்கு?” கேலப் கைத்தடியால் சரளையில் ஒரு கோடு கிழித்தான். “உட்காரு. முப்பது எண்ணுறேன். கோட்டுக்கு வராம இரு. தோத்தான்னு நானே கையெழுத்துப் போடறேன்.”

ஈலை பக்கத்துக் கல்லறைப் பலகையில் உட்கார்ந்தான். வாழ்நாளில் இத்தனை சுலபமான போட்டி அவனுக்கு வாய்த்ததில்லை. அறுபது வயது; எழ மறுக்கும் இரண்டு முழங்காலும் அவன் பக்கம்தான் இருந்தன. ராபக் வாயைத் துடைத்துக்கொண்டு உளியை எடுத்தார்.

கேலப் எண்ணத் தொடங்கினான். அன்று தூக்கிவிடும்போது காதருகே கேட்ட அதே குரல், மழைதான் இல்லை. பத்து என்றபோது ஈலை கல்நாயைப் பார்த்தான். இருபது என்றபோது அந்தக் காலி வரியைப் பார்த்தான். அவன் பெயர் தாராளமாகப் பிடிக்கும். கேலப் இருபத்தேழைச் சொல்லிவிட்டு, அடுத்த எண் மறந்துபோனவன் மாதிரி, தொப்பியை ஒருமுறை திருப்பிப் பிடித்தான்.

ஈலையின் கைகள் முழங்கால்களை அழுத்தி உட்காரவைத்திருந்தன. இடது பூட்ஸ் மட்டும், அவனைக் கேட்காமல், சரளையில் அந்தக் கோட்டைத் தேடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.