முன் அச்சு டெல்மருக்கு, பின் அச்சு மாவிஸுக்கு

சென்ற கோடையில் யூட்டாவில் நாங்கள் வீடு மாதிரி இழுத்துக்கொண்டு திரியும் டிரெய்லரின் டயர் ஒன்று வெடித்தது. வெடித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிழிந்த ரப்பர் சக்கரத்தோடு சுற்றிச் சுற்றி அடித்து, தரைப்பலகையைப் பிய்த்துக்கொண்டு, நேராக உள்ளே என் மனைவி லோர்னாவின் சமையல் மேடைக்குள் புகுந்துவிட்டது. நான் முன்னால் பிக்கப்பை ஓட்டியபடி ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் முள்கரண்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையில் உதிர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பக்கத்து மான்கள் இப்போது குனிந்து மேய்வதே இல்லை, முள்கரண்டியால் எடுத்துத்தான் தின்கின்றன. யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. நானே பார்த்தேன்.

லோர்னா பார்க்கவில்லை. அவளுக்கு முள்கரண்டி போனதுதான் தெரியும்.

அதனால் இந்த வருஷம் அரிசோனாவில் குளிர்காலம் முடிந்து, வெயில் ஏறி, குளிருக்கு ஒதுங்கும் எங்கள் டிரெய்லர் முகாமில் எல்லாரும் வடக்கே கிளம்பத் தயாரானபோது அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"வியாழக்கிழமை காலைல வெர்னா அக்கா வண்டி ஐடஹோ கிளம்புது. அதுக்குள்ள நம்ம வண்டிக்குப் புது டயர் மாட்டியிருக்கணும். எந்த டயர்னு சொல்லணும். ஏன் அந்த டயர்னும் சொல்லணும். இல்லேன்னா நான் அவங்களோட போயிடுவேன். கெர்ட்டியும் என்கூட வரும்."

கெர்ட்டி எங்கள் நாய். வெர்னா என் மனைவியின் அக்கா. அவள் கணவன் கிளிஃபோர்டு என் சகலை. பஸ் அளவுக்கு ஒரு வண்டி வைத்திருக்கிறான், அதற்குள் குளியல் தொட்டிகூட உண்டு. அவனோடு லோர்னா ஏறினால், ஐடஹோவில் நாங்கள் கோடை கழிக்கும் ஏரிக்கரை போய்ச் சேரும்வரை அவன் என்னைப் பற்றியே பேசிக்கொண்டு போவான். நெவாடா தாண்டுவதற்குள் அவள் அதை நம்பத் தொடங்கிவிடுவாள். அப்புறம் கோடை முழுவதும் நானும் காலி டிரெய்லரும்தான்.

ஆகவே நான் டயரைப் பற்றி விசாரித்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

எங்கள் முகாமில் ஒருவரிடம் அவருடைய மூலநோயைப் பற்றிக் கேட்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்கலாம். டயரைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் சாயங்காலம் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நெருப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்கு இடப்பக்கம் டெல்மர், வலப்பக்கம் மாவிஸ். முகாமிலும் எங்கள் வண்டிக்கு அதே இரண்டு பக்கத்தில்தான் அவர்கள் வண்டிகள். டெல்மர் விமானப்படையில் சக்கரம் பார்த்தவன், அருமையாக உருளைக்கிழங்கு சாலட் செய்வான். மாவிஸ் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள், அவள் வைக்கும் காரமான பீன்ஸுக்குப் பக்கத்து முகாமிலிருந்தும் ஆள் வரும். எங்கள் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி இடப்பக்கத்திலிருந்து வரும், மீதி வலப்பக்கத்திலிருந்து.

"டிரெய்லருக்குன்னே செஞ்ச டயர் இருக்கு, அத வாங்கு," என்றான் டெல்மர். "பக்கச்சுவர் வெறப்பா நிக்கும். வளைவுல ஆடாது."

"அதுவா? நின்ன எடத்துலயே வெடிக்கும்," என்றாள் மாவிஸ். "சின்ன லாரிக்குப் போடுற கனமான டயர் போடு, வென்டெல். நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டுனவ சொல்றேன்."

"லாரி டயர் இவன் வண்டி எடையத் தாங்காது."

"உன் சாலட்ட எறக்கி வெச்சா தாங்கும்."

காற்று விஷயத்திலும் அப்படித்தான். பக்கத்தில் அச்சடித்திருக்கிற அளவுக்கு முழுசாக அடி என்றான் அவன். வண்டியை எடை போட்டுவிட்டு அதற்கேற்ப அடி என்றாள் அவள். டெல்மர் பேசும்போது டெல்மர் சொல்வது சரியாக இருந்தது. நாற்காலியைத் திருப்பினால் மாவிஸ் சொல்வது சரியாக இருந்தது. நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வயசாகிச் சாகிறது.

"தரையில படுற பட்டனெல்லாம் புதுசாட்டம் இருக்கும். உள்ள செத்துப்போயிருக்கும்," என்றான் டெல்மர்.

"பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு. அதப் படிக்காம எந்த டயரையும் நம்பாத," என்றாள் மாவிஸ்.

பிடித்துக்கொள்ள இதுவாவது கிடைத்ததே என்று மறுநாள் முகாம் முழுக்க மண்டியிட்டுத் தவழ்ந்து ஒவ்வொரு டயரின் எண்ணையும் படித்தேன். ஒரு வண்டியின் ஜன்னல் திறந்தது. ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க கீழ?"

"வயசு பாக்குறேங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

புதன்கிழமை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊருக்குள் எஃப்ரைனின் டயர் கடைக்குப் போனேன்.

"கேம்ப்லேருந்தா?" என்றான். "எந்தக் கட்சி?"

"ரெண்டும்."

இரண்டு அச்சு, நான்கு சக்கரம். முன் அச்சுக்கு டெல்மர் சொன்ன ஜோடி, பின் அச்சுக்கு மாவிஸ் சொன்ன ஜோடி என்று கேட்டேன். எஃப்ரைன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"கலந்து போடுறது எனக்குப் புடிக்கல, பெரியவரே. மாட்டித் தரேன். ஆனா யாராச்சும் கேட்டா நான் மாட்டலன்னுதான் சொல்வேன்."

நான்கிலும் எண்ணைப் படித்தேன். எல்லாம் பச்சைக் குழந்தைகள். திரும்பி வரும்போது முன் சக்கரங்கள் டெல்மர் வீட்டுப் பக்கமும் பின் சக்கரங்கள் மாவிஸ் வீட்டுப் பக்கமும் இழுத்ததில், டிரெய்லர் பக்கவாட்டில் நகர்ந்து தானாகவே எங்கள் இடத்தில் அழகாக நின்றுகொண்டது. இத்தனை வருஷம் ரிவர்ஸ் எடுத்து என்னால் அப்படி நிறுத்த முடிந்ததில்லை.

வியாழக்கிழமை காலை கிளிஃபோர்டின் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. லோர்னா ஒரு கையில் பையும் மறு கையில் கெர்ட்டியுமாக வந்து நின்றாள்.

"எந்த டயர்?"

"ரெண்டு ரகமும்."

"ஏன்?"

அழகாக ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துவிட்டது.

"தெரியல லோர்னா. முன்னாடி வெடிச்சா டெல்மரத் திட்டலாம். பின்னாடி வெடிச்சா மாவிஸத் திட்டலாம். அடுத்த வருஷமும் சாலட் வரும், பீன்ஸும் வரும்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உன் வாயிலேருந்து நெசமா ஒரு காரணம் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்று கெர்ட்டியைப் பிக்கப்பில் ஏற்றினாள். "ஆனா கேட்டுக்கோ. ஒரு டயர் வெடிச்சாலும் எறங்கி அக்கா வண்டில ஏறிடுவேன். அவங்க பின்னாடியேதான் வராங்க."

நெவாடாவுக்குள் நுழைந்து, மனுஷ வாடையே இல்லாத ஒரு நீளச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். டமார் என்றது. பல வருஷமாகக் காது கேட்காத கெர்ட்டி எழுந்து நின்று குரைத்தது. அன்றிலிருந்து அதற்கு பிஸ்கட் உறை பிரிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது.

ஓரங்கட்டி இறங்கினேன். முன் அச்சில் இரண்டும் முழுசாக இருந்தன. பின் அச்சிலும் அப்படியே. மறுபக்கமாக ஒரு சுற்று வந்தேன். ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தேன். லோர்னாவும் சுற்றி வந்தாள்.

"வெடிச்சுதா இல்லையா?"

"வெடிச்சுது."

"எது?"

"எதுவும் இல்ல."

பின்னாலேயே வந்து நின்ற கிளிஃபோர்டும் இறங்கி ஒரு சுற்று வந்தான். அவனுக்கும் விளங்கவில்லை. அப்போது டிரெய்லருக்குப் பின்னாலிருந்து வெர்னா அலறினாள்.

"ஐயோ, என் கொக்கு!"

எங்களைப் போன்றவர்களின் வண்டிக்குப் பின்னால் ஸ்டெப்னி டயர் தொங்கும். அதற்கு மாட்டும் வட்ட உறையில் குடும்பப் பெயரும் ஒரு படமும் இருக்கும். எங்களுக்கு வெர்னாவே தன் கையால் கொக்கு வரைந்து, கீழே 'ஹோஃப்ஸ்ட்ரா குடும்பம்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது கொக்குக்குத் தலை இல்லை. எங்கள் பெயரில் பாதி ஒரு முட்செடியின் மேல் கிடந்தது. உள்ளே இருந்த ஸ்டெப்னி நார்நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து எண்ணைப் படித்தேன். டிரெய்லரோடு வந்த டயர், கெர்ட்டி பிறப்பதற்கு முந்தியது. ஒரு தடவைகூடத் தரையைத் தொடாமல், தொங்கித் தொங்கியே வயசாகிப் போயிருக்கிறது. முகாமில் அத்தனை டயரையும் படித்தேனே, இதைப் படிக்கவில்லை. அத்தனை நாற்காலிகளில் ஒன்றிலிருந்துகூட இதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொக்கைப் பார்த்தோமே தவிர டயரைப் பார்க்கவில்லை.

"வா லோர்னா, ஏறு," என்றான் கிளிஃபோர்டு. "இவன் வண்டில ஓடாத டயரே வெடிக்குது. ஓடுறத நெனச்சுப் பாரு."

லோர்னா பஸ்ஸைப் பார்த்தாள். அதன் படி தானாக இறங்கி அவளுக்காகக் காத்திருந்தது. பிறகு எங்கள் நான்கு டயர்களையும் பார்த்தாள்.

"அக்கா, இது உன் கொக்குக்குள்ள இருந்துச்சு," என்றாள்.

"அதுக்கு? பழி என் மேலயா?"

"முன்னாடி டெல்மர், பின்னாடி மாவிஸ். அதுக்கும் பின்னாடி நீ."

சொல்லிவிட்டு என் பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியை மட்டும் இறக்கினாள். "ஸ்டெப்னி இல்லாம இந்த வண்டி அடுத்த ஊரத் தாண்டாது, வென்டெல்."

அடுத்த ஊரின் டயர் கடையில்தான் இப்போது நிற்கிறேன். கடைக்காரப் பெண் கேட்டது ஒரே கேள்வி.

"ஸ்டெப்னி முன் அச்சு மாதிரி வேணுமா, பின் அச்சு மாதிரி வேணுமா?"

எனக்குத் தெரியவில்லை. டெல்மருக்கு எப்படியோ சேதி போய்விட்டது, என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. லோர்னாவின் போனில் மாவிஸ் உரக்கப் பேசுவது இங்கே வரை கேட்கிறது. கிளிஃபோர்டு தன் மடக்கு நாற்காலியை எடுத்துவந்து கடை வாசலில் விரித்துவிட்டான். பெட்ரோல் போட வந்த முன்பின் தெரியாத ஒருவர், "டயரா?" என்று கேட்டுவிட்டுத் தன் வண்டியிலிருந்தும் ஒரு நாற்காலியை இறக்குகிறார்.

"நான் எங்கயும் போகல, நீ யோசி," என்று பிக்கப்பிலிருந்து லோர்னா சத்தம் போடுகிறாள். "ஏரி ஒறையறதுக்குள்ள சொன்னாப் போதும்!"

கடைக்காரப் பெண் தனக்கு ஒரு நாற்காலி எடுத்துவர உள்ளே போயிருக்கிறாள்.