சைத்தான் அல்ல, ஜைத்தான்

2003 ஆகஸ்ட் பதினொன்று, திங்கட்கிழமை, ராகு காலம் முடியும் ஒன்பது மணி முதல், திருவொற்றியூரிலுள்ள நமது கன்டெய்னர் கிடங்கின் காம்பவுண்டுக்குள் எந்தக் கணினியும் ஜாவா தவிர வேறு மொழியில் இயங்கலாகாது. மீறுவது கணினியாயினும் ஊழியராயினும் வெளியேற்றப்படும்.

பொது மேலாளர் தங்கப்பாண்டியின் இந்தச் சுற்றறிக்கை காலை எட்டரைக்கு நோட்டீஸ் போர்டில் ஏறியது. அதன்படி வெளியேற்ற வேண்டியிருந்த ஊழியர் ஒரே ஒருத்தி: லாரிகளுக்கு டோக்கன் போடும் புரோகிராமை எழுதிய வியாசர்பாடி கார்குழலி.

"இன்னா கொயலி, உன்ன தூக்குறானுங்களாமே?" என்றார் கேட் கிளார்க் ஷாகுல் ஹமீது.

"நான் இன்னா கன்டெய்னரா பாய், கிரேன் வந்தா ஏறிக்க?"

நேரே மேலாளர் அறைக்குள் போனாள்.

"சார், எம் புரோகிராமும் ஜாவா மெஷின்லதான் ஓடிக்கினு கீது. கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, வெர்ச்சுவல் மெஷின். ஜாவாவோ ஜைத்தானோ, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"சைத்தானா?"

"ஜைத்தான் சார். பைத்தான்னு ஒரு மொழி. அது ஜாவா மெஷின்ல ஓடுனா ஜைத்தான்."

பைத்தான் என்ற மலைப்பாம்பும் சைத்தான் என்ற பேயும் ஒரே மூச்சில் வந்ததால் மேலாளர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, மவுண்ட் ரோட்டிலிருந்து டை கட்டி வந்த ஆலோசகர் தந்திருந்த காகிதத்தை எடுத்தார்.

"அதில் டைப் அறிவிப்பதில்லையாமே? எண்ணா எழுத்தா என்று பிறக்கும்போதே சொல்லாத ஒன்றை எப்படியம்மா நம்புவது?"

"பொறப்ப கேட்டு நம்புறவங்கள நெறைய பாத்துட்டேன் சார். இது வேலைய பாத்து நம்புது. நான் மாத்தமாட்டேன்."

மாற்ற வேண்டாம், சாயங்காலம் கிளம்பினால் போதும் என்றார் மேலாளர். ஒன்பது மணிக்கு ஆலோசகரின் சுத்த ஜாவா புரோகிராம் அரியணை ஏறியது.

முதல் லாரி வந்தது. எடைக்கான கட்டத்தில் ஷாகுல் ஹமீது "காலி" என்று அடித்தார். வெற்றுப் பெட்டிக்குப் பல வருடமாக அவர் அடிப்பது அதுதான். அன்று கொஞ்சம் அழுத்தி அடித்தார். எண் வரும் என்று காத்திருந்த புரோகிராம் எழுத்தைக் கண்டதும் மூர்ச்சையானது. எழுப்பினார்கள். அடுத்த லாரிக்கு மறுபடி விழுந்தது.

"பூஜ்யம் அடியுங்களேன்!" என்றார் மேலாளர்.

"பூஜ்யமா? பொட்டி காலி சார். காலின்னா காலிதான்."

பதினொன்றரைக்கு லாரி வரிசை பக்கத்து ஊரான எர்ணாவூரைத் தொட்டது. ஆலோசகர் செல்போனோடு வெளியே போனவர் வெளியேதான் இருந்தார்.

"அந்தச் சைத்தானையே போடும்மா" என்றார் மேலாளர்.

"பேர ஒயுங்கா சொல்லுங்க சார்."

மேலாளர் எர்ணாவூர்ப் பக்கம் பார்த்தார். "ஜைத்தான்."

கார்குழலி உட்கார்ந்தாள். காலி என்றால் காலி என்று புரிந்துகொண்டு டோக்கன் வந்தது.

பிற்பகலில் இரண்டாம் சுற்றறிக்கை: 'நமது கிடங்கு எக்காலத்தும் எல்லா மொழிகளையும் சமமாகவே போற்றி வந்துள்ளது.'

இரண்டையும் டைப் அடித்தது கார்குழலி. மேலாளருக்கு டைப் தெரியாது.