பழைய கோடு, புதுக் கோடு

கையில் கொடியோடு மைதான ஓரத்தில் நின்ற வேதியியல் டீச்சரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? அரை மார்க் குறைந்ததென்று பெற்ற மகளையே ஃபெயிலாக்கிய புண்ணியவதி. ஊரில் அவருக்கு 'அரைமார்க்' என்றே பெயர். கால் நீளத்தால் 'கொக்கு' என்று பேர் வாங்கிய அந்த மகள்தான் இன்று வாலிபால் அணிக்குக் கேப்டன். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. அங்கே ஆடுகிறவர்களைத்தான் விளையாட்டு விடுதிக்கு எடுப்பார்கள். அந்த ஒரு இடத்துக்காக அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

பந்து வெளியே விழுந்தால் கொடியைத் தூக்க, உள்ளே என்றால் தாழ்த்த, ஆட்டம் நடக்கும் பள்ளி ஓர் ஆசிரியரைத் தரவேண்டும். டிராயிங் சாருக்குக் காய்ச்சல். கணக்கு சாருக்குக் கண்ணாடி போட்டாலும் வலை தெரியுமா என்பது சந்தேகம். மிச்சம் இவர்தான்.

"நீ நிக்காதம்மா," என்று காலையிலேயே கெஞ்சிப் பார்த்தாள் கொக்கு.

"ஏன்டி, உன் பந்தை நானா பிடுங்கித் திங்கப்போறேன்?"

வினை வேறு ரூபத்தில் வந்தது. எதிரணியின் பி.டி. சார் கையோடு டேப் கொண்டுவந்து அளந்தார். ஒரு பக்கக் கோடு ஒரு சாண் வெளியே கிடந்தது. வருஷக்கணக்காகக் காலால் அளந்தே சுண்ணாம்பு போட்டுவந்த வாட்ச்மேன் அசரவில்லை.

"புள்ளைங்க வளர்ந்துட்டாங்கல்ல சார். கொஞ்சம் தாராளமா போட்டேன்."

உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டார்கள். பழையதைக் கூட்டித் தள்ளியும் வெளுப்பு போகவில்லை. புதுக் கோடுதான் கணக்கு என்று நடுவர் இரண்டு அணிக்கும் சொன்னார். டீச்சர் மட்டும் கோட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். லேப் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தவராயிற்றே. ஓரமாக அடிப்பதுதான் மகளின் உயிரான அடி. அவள் கை பழகியதோ பழைய கோட்டுக்கு.

கடைசி செட். இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தால் ஜெயம். எதிரணி இரண்டு பாயின்ட் பின்னால். கொக்கு எகிறினாள். பந்து ஓரமாகப் பாய்ந்து விழ, வெள்ளையாகப் புழுதி கிளம்பியது. கூட்டம் விசிலடித்தது. பெண்கள் கட்டிக்கொள்ள ஓடினார்கள்.

நடுவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கொடியைத் தூக்கினார்.

விசில் பாதியில் நின்றது. கொக்கு நேரே வந்தாள்.

"மிஸ், சுண்ணாம்பு கிளம்புச்சு. எல்லாரும் பாத்தாங்க."

"அது பழைய சுண்ணாம்பு."

"அம்மா..." என்று பல்லைக் கடித்தாள்.

"போய் ஆடு."

"பெத்த வயிறா அது?" என்றாள் பின்னால் நின்ற டெய்லர் அக்கா, டீச்சர் காதில் விழட்டும் என்றே. எதிரணி ஊர்க்காரர்களோ நியாயம்னா இதுதான் நியாயம் என்று கைதட்டினார்கள்.

இப்போது ஒரு பாயின்ட்தான் வித்தியாசம். டீச்சர் புதுக் கோட்டுக்கு நேராக நகர்ந்து நின்றார். எதிரணி சர்வீஸ். பந்து இங்கும் அங்கும் போய், கடைசியில் அவர்களுடைய உயரமான பெண் ஓங்கி அறைந்தாள். வலைக்கு இந்தப் பக்கம், ஆனால் அதே கோட்டோரம். கொக்கு அங்கேதான் நின்றாள். கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

நீட்டவில்லை. பந்து விழுந்தது. மறுபடி வெள்ளைப் புழுதி.

கொடி மேலே போனது.

கைதட்டிய அதே வாய்கள்தான், "பொண்ணுக்காகத் தூக்கிட்டா," என்று கத்தின. நடுவர் குனிந்து தடத்தைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கொக்கு அணியின் பக்கம் கையைக் காட்டினார்.

கொக்கு பள்ளியின் பி.டி. சார் ஓடிவந்தார். "தொட்டிருக்கலாமேம்மா. ஏன் விட்டே? கொடி கீழே போயிருந்தா?"

கொக்கு முழங்காலைத் தட்டிக்கொண்டாள். கொடியை இறக்க மறந்து நின்ற அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"எப்படி சார் போகும்? கொஞ்சம் முன்னாடி எனக்கே போகலையே."