துளசிங்கம் விழுங்கிய வார்த்தை

திருத்தணித் தபாலாபீசில் தந்தி பட்டுவாடா செய்யும் துளசிங்கத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் நடத்திய தர்பார் கொஞ்சநஞ்சமல்ல. தந்தி போகிற வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வாசலில் நின்று அவரே பிரித்து, அவரே படித்து, அவரே தமிழில் சொல்வார். சாவுச் செய்தியானால் சொன்ன கையோடு தாளைச் சுக்குநூறாகக் கிழித்தும் போடுவார். இழவுத் தாள் வீட்டுக்குள் போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வேலையையும் தானே செய்து கொடுப்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை தந்தி, ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த தஸ்தகீர் வீட்டுக்கு. அவர் மகன் சர்தார் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அவனிடமிருந்து கடிதம் இல்லை. துளசிங்கம் தாளைப் பிரித்தார். பெயர், நம்பர், அதன்பின் மூன்று வார்த்தைகள்: மிஸ்ஸிங், பிலீவ்டு, கில்டு. முதல் வார்த்தை காணோம், கடைசி வார்த்தை செத்தான்; இரண்டும் தெரிந்தவை. நடுவில் இருந்தது பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று ஒப்புக்கொள்கிற ஆளா அவர்? விழுங்கிவிட்டார்.

"பாய், மனசைத் திடப்படுத்திக்குங்க. சர்தாரு சண்டையில பூட்டான்."

சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார். தஸ்தகீர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சர்தாரின் மனைவி ரம்ஜான் பீ அழவில்லை. குனிந்து, காற்றில் பறந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரும் செய்யாத காரியம் அது. பாவம், பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு துளசிங்கம் சைக்கிளை மிதித்தார்.

வியாழக்கிழமை காலை ஆபீசில் போஸ்ட்மாஸ்டர் பாலசுப்பிரமணியன் ஒரு புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பொதட்டூர்பேட்டை நெசவாளி வீராசாமி அனுப்பிய லுங்கி பார்சல் போன இடம் தெரியவில்லை. எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "பிலீவ்டு லாஸ்ட்" என்று காதில் விழுந்ததும், முத்திரை குத்திக்கொண்டிருந்த துளசிங்கத்தின் கை நின்றது.

"சார், பிலீவ்டுன்னா இன்னா சார்?"

"நம்பறோம்னு அர்த்தம்யா."

"பார்சல் காணாம பூட்ச்சுன்னா நம்புவாங்க? நல்லது நடக்கும்னுதானே சார் நம்புவாங்க?"

"நாம நினைக்கிறோம்னு சொல்ற எடத்துலயும் வெள்ளைக்காரன் பிலீவ்னுதான் சொல்லுவான். போனதைக் கண்ணால பார்த்திருந்தா லாஸ்ட்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேனே. பார்க்கல. அதுக்குத்தான் அந்த வார்த்தையைப் போடறேன்."

தஸ்தகீர் வீட்டுத் தந்தியிலும் இதே வார்த்தைதான். செய்தி சொல்லி இன்று மூன்றாம் நாள். அரக்கோணத்திலிருந்து உறவுப் பெண்கள் வந்திருப்பார்கள். ரம்ஜான் பீயின் தாலிக் கருகமணியையும் வளையலையும் கழற்றி, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்கார வைத்துவிடுவார்கள். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தாளையும்தான் கிழித்தாயிற்றே. இப்படி ஓர் எண்ணம் வந்ததை நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. சைக்கிளை எடுத்தார்.

வீடு நிறையப் பெண்கள். துளசிங்கம் வாசலிலேயே நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"பாய், நான் ஒரு வார்த்தையை உட்டுட்டேன். அதுக்கு அர்த்தம் அன்னிக்கு எனக்குத் தெரியல. காணோம், செத்துட்டதா நினைக்கிறோம்னுதான் எழுதியிருந்தாங்க."

தஸ்தகீர் எழுந்து வாசலுக்கு வந்தார். "ரெண்டு நாளா, செத்துட்டான்னு என் மவனுக்காக ஓதிகினு இருக்கேன்யா! இதை இப்ப வந்து சொல்றியே!"

சர்தாரின் அத்தை ஆலம் பீ குறுக்கிட்டாள். "சர்க்காரு நினைச்சா சரியாத்தான் இருக்கும். ஆவ வேண்டியதைப் பாருங்க."

உள்ளேயிருந்து ரம்ஜான் பீ வந்தாள். கையில் வளையல் இன்னும் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டுகளை அவர் முன் கொட்டினாள்.

"அந்த வார்த்தை எதுல இருக்குதுண்ணா?"

துளசிங்கம் தரையில் உட்கார்ந்து தேடினார். தன் கையால் இரண்டாகக் கிழித்திருந்ததைச் சேர்த்துவைத்துக் காட்டினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணால யாராச்சும் பாத்தாங்களா?"

"பாத்திருந்தா இந்த வார்த்தை வந்திருக்காது, தங்கச்சி."

"அப்ப அவுங்க நம்பிக்கட்டும். நான் நம்பல" என்றாள். வளையல் போட்ட கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆலம் பீ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தஸ்தகீர் கையமர்த்தினார்.

துளசிங்கம் எழுந்து படியிறங்கினார். ரம்ஜான் பீ பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, அடுத்த தந்தி வரும். அதை முழுசாப் படிங்க. கிழிக்காம என் கையில குடுங்க."